மூன்று மருந்தா, நான்கா?

கேள்வி: டாக்டர், சிறுகுடலின் தொடக்கத்தில் புண், கூடவே ஹெச். பைலோரி கிருமியும் இருக்கிறது என்று எண்டோஸ்கோபியில் சொன்னார்கள். எனக்கு 7 நாளைக்கு மூன்று மருந்து எழுதியிருக்கிறார்கள். இதே கிருமிக்கு என் மைத்துனருக்கு 14 நாளைக்கு நான்கு மருந்து. எனக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டார்களோ?

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், சீட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது அநேகமாக ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒன்று, அதோடு கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்று இரண்டு ஆன்டிபயாடிக். மைத்துனருக்கு அமில மருந்தோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் கொடுத்திருப்பார்கள். உங்களுடையது காலை, ராத்திரி என்று இரண்டு வேளையில் முடிந்துவிடும், அவர் பாவம், நாளைக்கு நாலு வேளை விழுங்க வேண்டியிருக்கும்.

1990களில் இந்த மூன்று மருந்து முறை வந்தபோது நன்றாகவே கேட்டது. அப்புறம்தான் சிக்கல். கிளாரித்ரோமைசினும் சளி, தொண்டை வலிக்கெல்லாம் எழுதப்படும் அசித்ரோமைசினும் ஒரே குடும்பம். எப்போதோ தொண்டைக்குச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றில் இருந்த இந்தக் கிருமிக்கும் பாடம் எடுத்துவிட்டுப் போயிருக்கும். கிருமி புரதம் தயாரிக்கிற இடத்தில் மரபணுவின் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், கிளாரித்ரோமைசின் அங்கே ஒட்டாது, டோஸைக் கூட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. மெட்ரோனிடசோல் அப்படி இல்லை. லேபில் 'எதிர்ப்பு இருக்கிறது' (அதாவது கிருமி இந்த மருந்துக்குச் சாகாது) என்று ரிப்போர்ட் வந்தாலும், பிஸ்மத்தோடு சேர்த்துப் போதிய அளவில் 14 நாள் கொடுத்தால் பெரும்பாலும் வேலை செய்துவிடுகிறது. அமாக்சிசிலின், டெட்ராசைக்ளின் இரண்டுக்கும் எதிர்ப்பு பெரும்பாலான இடங்களில் குறைவுதான்.

அதனால்தான் ஒரு பகுதியில் கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டினால், சோதித்துப் பார்க்காமல் அதைக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் 2024 வழிகாட்டுதல் முதல் முறையிலேயே பிஸ்மத் உள்ள நான்கு மருந்தை 14 நாள் கொடுக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால் நானும் மைத்துனர் சீட்டின் பக்கம்தான். பெனிசிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கும் அதுவே வசதி, அதில் அமாக்சிசிலின் கிடையாது.

ஆனால் நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள். டாக்டரிடம் இரண்டே விஷயம் பேசுங்கள்: முன்பு அசித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள், 7 நாள் போதுமா 14 நாள் வேண்டுமா என்று கேளுங்கள். அமில மருந்தை மட்டும் 'அது சும்மா கேஸுக்குத்தானே' என்று விட்டுவிடாதீர்கள். அமிலம் அதிகமாக இருந்தால் இந்தக் கிருமி பெருகாமல் பதுங்கிக் கிடக்கும், அமாக்சிசிலினோ கிருமி பெருகும்போது, அது சுவர் கட்டும் நேரத்தில்தான் அதைக் கொல்லும்.

மைத்துனரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயப்பட வேண்டாம். மலம் தார் மாதிரி பிசுபிசுவென்று, நாற்றத்தோடு போய், தலையும் சுற்றினால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெட்ரோனிடசோலால் வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி வரும், கோர்ஸ் முடியும்வரை மது கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலோடு சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது.

கேள்வி: அல்சர் டென்ஷனாலும் காரத்தாலும்தானே வருகிறது? ஆன்டிபயாடிக் எதற்கு?

பதில்: ரொம்ப நாள் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். (வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான் அல்சருக்கு முக்கியக் காரணங்கள். கிருமியை விட்டுவிட்டு அமிலத்தை மட்டும் குறைத்தால் புண் ஆறும், ஆனால் திரும்ப வரும்.

கேள்வி: கோர்ஸ் முடித்து வலியும் போய்விட்டது. ரத்தப் பரிசோதனையில் மட்டும் இன்னும் பாசிட்டிவ். மறுபடி அதே மருந்தைச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். கிருமி செத்த பிறகும், அதற்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமில மருந்தையும் டாக்டரிடம் கேட்டு 2 வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். மூச்சுப் பரிசோதனையில் அடையாளக் கார்பன் சேர்த்த யூரியாவைக் குடிக்கத் தருவார்கள், கிருமி இருந்தால் அதை உடைக்கும், அந்தக் கார்பன் நீங்கள் ஊதும் காற்றில் வந்துவிடும். வலி போனதை வைத்துக் கிருமி போனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சு, மலப் பரிசோதனையிலும் பாசிட்டிவ் வந்தால் மருந்தை மாற்ற வேண்டும். ஒருமுறை கிளாரித்ரோமைசின் கேட்கவில்லை என்றால் அதே மருந்தை மறுபடி தருவது வீண். லிவோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கும் இதேதான். முதல் முறை என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் என்ற சீட்டைத் தேடி எடுத்து டாக்டரிடம் கொண்டுபோங்கள்.