நீதியரசரின் கதிரை காலியானால் உங்கள் வழக்கு என்ன ஆகும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தம்பியின் அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதியரசர்கள் முன் இருக்கிறது. ஒருவர் அடுத்த மாதம் 65 வயது முடிந்து ஓய்வுபெறுகிறார். அந்த இடத்துக்கு அரசாங்கம் தன் ஆளைப் போட்டுவிடுமா? வழக்கு பாதிக்கப்படுமா?"

முதலில் வழக்கு. புதிதாக வருபவர் நேரே தம்பியின் வழக்கில் வந்து உட்காரமாட்டார். எந்த வழக்கை யார் கேட்பது என்பது பிரதம நீதியரசரின் கையில் இருக்கிறது. ஆனால் வாதம் முடிந்தும் தீர்ப்பு வராத நிலையில் ஒருவர் ஓய்வுபெற்றால், வேறு நீதியரசர் குழுவின் (ஆயத்தின்) முன் மறுபடி வாதாட நேரலாம். வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சட்டத்தரணியிடம் இன்றே கேளுங்கள். எழுத்துமூலச் சமர்ப்பணம் பாக்கி என்றால் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி ஆளைப் போடுகிற கதை. ஜனாதிபதி ஒரு பெயரைப் பரிந்துரைப்பார், அரசியலமைப்புப் பேரவை அங்கீகரித்தால்தான் நியமனம். பேரவையில் 10 பேர். சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் உட்பட ஏழு பேர் பாராளுமன்றத்தார், மூன்று பேர் வெளியார். பிரதம நீதியரசரின் கருத்தையும் அவர்கள் பெறவேண்டும். குறைந்தது ஐந்து பேர் ஆதரிக்காவிட்டால் எந்த முடிவும் செல்லாது. இந்த ஐந்து வெறும் எண் அல்ல. பொலிஸ் மா அதிபரை நியமிக்கவும் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். 2024இல் அந்த நியமனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, ஐந்து வாக்கு உண்மையில் விழுந்ததா என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

பேரவை இல்லாத காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. 2010இல் அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2013 ஜனவரியில் அப்போதைய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை அகற்றப் பாராளுமன்றம் வாக்களித்தது, ஜனாதிபதி அகற்றினார். அதே மாதம், முன்பு சட்டமா அதிபராக இருந்த மொஹான் பீரிஸ் அந்தக் கதிரையில் அமர்ந்தார். 2015 ஜனவரியில் ஷிராணி திரும்பி வந்தார், மறுநாளே ஓய்வுபெற்றார். அப்புறம் கே. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். 2015இல் மீண்ட பேரவை 2020இல் மறுபடி போனது, 2022இல் 21ஆவது திருத்தத்தோடு திரும்பியது. ஆகவே உங்கள் பயம் வீண் பயம் அல்ல. இன்றைக்குத் தன் ஆளைப் போடுவது அன்றுபோல் சுலபமில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஓட்டை மட்டும் அடைபடவில்லை. பேரவை தானாக ஒரு பெயரை முன்வைக்க முடியாது, வந்த பெயருக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்லலாம். பெயரை இத்தனை நாளுக்குள் அனுப்பவேண்டும் என்று ஜனாதிபதிக்குக் கெடுவும் இல்லை. 2020இல் நீதியரசர் எண்ணிக்கையின் உச்ச வரம்பை 11இலிருந்து 17ஆக உயர்த்தினார்கள். கதிரைகள் காலியாகக் கிடந்தால் அந்த 17இனால் யாருக்கு என்ன பயன்? மூவர் ஆயங்கள் குறையும், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தவணைக்கு மேல் தவணை விழும். தம்பியின் வழக்குக்கும் நீண்ட தவணை விழுந்தால், முன்கூட்டியே எடுக்கும்படி நகர்த்தல் பத்திரம் போட முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். காவலில் இருப்பவர், வேலை இழந்தவர் என்றால் அந்தக் காரணத்தை அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.