டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்ட புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு டப்பாவைத் திருப்புங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் சேர்பொருள் பட்டியலில் முதலில் வரும். முதல் மூன்றுக்குள் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) இருந்தால் வாங்காதீர்கள். சர்க்கரையே சேர்க்காவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை அது விறுவிறுவென ஏற்றிவிடும். பிறகு கணக்கு: 100 கிராமில் 20 கிராம் புரதம் என்றால், 30 கிராம் கரைத்தால் கிடைப்பது வெறும் 6 கிராம். ஒரு முட்டையிலேயே அவ்வளவு இருக்கிறதே! டப்பாவில் உள்ள 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், உரிமம் உண்டு என்று மட்டுமே சொல்லும், பலனுக்கு உத்தரவாதமல்ல. வீட்டில் ராகிக் களி கிண்டினால் மாவுச்சத்து குறைய உருண்டையைச் சிறிதாக்கி, புரதம் கூட கொள்ளுக் கடைசலைக் கூடுதலாக ஊற்றுங்கள். எதற்கும் முன்னால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.