லண்டனை விட்டு ஊர் திரும்பியவர்

கேள்வி: போன இதழில் வேல்ஸ் நாட்டு ரயன் டேவிஸ் என்பவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அந்த ஊரைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத டி.வி. கோமாளி. பொம்பளை வேஷம், நையாண்டிப் பாட்டு. லண்டனுக்குப் போகத் துப்பில்லாமல் உள்ளூரில் ஒதுங்கியவர்தானே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். மனிதர் லண்டனிலிருந்து கிளம்பி வந்தவர். கார்மார்தன்ஷயரில் கிளானமன் என்ற நிலக்கரிப் பகுதி ஊரில் 1937-இல் பிறந்து, பாங்கரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, லண்டனில் நாடகப் பள்ளியில் படித்து, பக்கத்து கிராய்டனில் வாத்தியார் வேலையும் பார்த்தார். நிலையான சம்பளம். அதை விட்டுவிட்டுத்தான் 1960-களில் பி.பி.சி. வேல்ஸுக்கு வந்தார், வெல்ஷ் மொழியில் சிரிக்க வைக்க.

அப்போது அந்த மொழியின் நிலை என்ன தெரியுமா? 1961 கணக்கெடுப்பில் வேல்ஸில் நூற்றுக்கு 26 பேர் வெல்ஷ் பேசினார்கள். 1971-இல் அது 21-க்கு வந்துவிட்டது. தேவாலயத்திலும் கவியரங்கத்திலும் மரியாதையாக உட்கார்ந்திருந்த மொழி அது. மரியாதை கூடக்கூட, பிள்ளைகள் பக்கத்தில் வராமல் ஓடிப்போவார்கள் இல்லையா, அந்தக் கதைதான். (நமக்குப் புதிய கதை அல்ல.) ரயன் அதை வரவேற்பறைக்குள் இழுத்து வந்து சேஷ்டை செய்ய வைத்தார். பியானோ வாசிப்பார், ஹார்ப் வாசிப்பார், சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடுவார், பாட்டு உருக்கமாகப் போகும்போதே முகத்தைக் கோணி அதைக் கவிழ்ப்பார். பண்ணை வீடுகளில் அக்கம்பக்கத்தார் கூடி, ஹார்ப் இசையும் பாட்டும் கதையுமாகப் பொழுதைக் கழிக்கும் பழைய வழக்கம் ஒன்று அங்கே உண்டு. அதில் ஊறிய ஆள். கேமரா வந்ததற்காகப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் பொம்பளை வேஷத்துக்கு வருவோம், அதுதானே உங்களை உறுத்துகிறது. ரோனி வில்லியம்ஸுடன் சேர்ந்து 'ரயன் அண்ட் ரோனி' என்று நடத்தினார். அதில் ஒரு குடும்பக் காட்சி வரும். ரோனி அப்பா, பெயர் வில். ரயன் அம்மா. பிள்ளைகள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அம்மா பாய்வாள்: 'அப்பாவைப் போய் வில்லுன்னு கூப்பிடாதே!' முதலில் இது வெல்ஷில் வந்த வரி. 1971-இலிருந்து 73 வரை பி.பி.சி. இந்த ஜோடியை ஆங்கிலத்திலும் நடத்தியபோது, அதே வரியை ஆங்கிலச் சொற்களில், வெல்ஷ் இலக்கணத்தில் அப்படியே பேசினார்கள். ஆங்கிலத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். வெளியூர்க்காரனுக்கு அது கொச்சை ஆங்கிலம். வேல்ஸ்காரனுக்கோ, ஆங்கிலத்துக்கு அடியில் தன் அம்மாவின் குரல் கேட்கும். ஒரே வரியில் இரண்டு நகைச்சுவை! இதைக் கோமாளித்தனம் என்றால், அப்படிப்பட்ட கோமாளிகள் இன்னும் நாலு பேர் கிடைத்தால் சொல்லுங்கள், அவர்களுக்கும் பக்கம் ஒதுக்குகிறேன்.

'வோ ஆ வே' என்று ஒரு தொடரும் உண்டு. ரிதர்க் ஜோன்ஸும் க்வென்லின் பாரியும் எழுதியது. வடக்கத்தி வெல்ஷில் 'வோ' என்றாலும் தெற்கத்தி வெல்ஷில் 'வே' என்றாலும் 'அவன்' என்றுதான் பொருள். தலைப்பே வட்டார வழக்குச் சண்டை! தெற்கே சுரங்கத்தில் உழைத்த, பீர் பிரியரான இடதுசாரி ஒருவர். வடக்கேயிருந்து வரும், மதுவைத் தொடாத பக்திமான் ஒருவர். இருவரும் சம்பந்திகள். தெற்கத்திக்காரர் ரயன்.

1972-இல் ஹாலிவுட் நட்சத்திரம் ரிச்சர்ட் பர்ட்டனோடு ஒரு சினிமாவிலும் நடித்தார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் சமாதானமாகியிருப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

யாருக்கும் தெரியாதவர் என்கிறீர்கள். சின்ன மொழியின் மேடையில் அந்தச் சொகுசு கிடையாது ஐயா. ஊர் ஊராகப் போய் ஒரே சரக்கை விற்க முடியாது. நேற்றுச் சொன்ன ஜோக் இன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பாட்டு, நாடகம், டி.வி., கிறிஸ்துமஸ் வந்தால் ஸ்வான்சி தியேட்டரில் குழந்தைகளுக்கான கூத்து என்று ஓய்வில்லாமல் ஓடினார். அதோடு ஆஸ்துமாவும் இருந்தது.

வெல்ஷுக்கென்று தனிச் சேனல் வேண்டும் என்று சிலர் சிறைக்குப் போனார்கள்; கட்சித் தலைவர் ஒருவர் உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்த பிறகுதான் அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று சேனல் தொடங்கியது. ரயன் அதைப் பார்க்கவில்லை. 1977 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் இறந்துபோனார். 40 வயது முடிந்து சரியாக மூன்று மாதம்.