கேரவனுக்குள் மூன்று வழியில் கரண்ட்: மீதிப் பணம் தருமுன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: பழைய மினி பஸ் ஒன்றை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் கேரவனாக மாற்றி வருகிறோம். 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், 24 வோல்ட் 2 கேவிஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி இரண்டு, நிற்கிற இடத்தில் கிடைத்தால் இ.பி. கரண்ட். 1 டன் ஏ.சி., சின்ன ஃபிரிட்ஜ், லைட், டிவி ஓட வேண்டும். ஒயரிங் செய்தவர் மூன்றுக்கும் தனித்தனி எம்.சி.பி. வைத்துவிட்டு, "ஒண்ணை ஆன் பண்ணும்போது மத்ததை ஆஃப் பண்ணிடுங்க, போதும்" என்கிறார். மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாமா? (வாசகர், வளசரவாக்கம்)

பதில்: கொடுக்காதீர்கள். எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும், அவ்வளவுதான். இரண்டு கரண்ட் ஒன்றோடொன்று சேர்வதை அது தடுக்காது. அவசரத்தில் யாராவது இரண்டையும் தூக்கிவிட்டால் ஜெனரேட்டரின் ஏ.வி.ஆரோ (வோல்டேஜைச் சீராக வைக்கும் பகுதி) வைண்டிங்கோ இன்வெர்ட்டரோ அந்த நொடியே போய்விடும். பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். இ.பி. ஒயரைப் பிடுங்கித் தரையில் போட்டிருக்கும் நேரத்தில் ஜெனரேட்டர் ஓடினால், அந்த பிளக்கின் பித்தளை முனைகளில் 230 வோல்ட் நிற்கும். அதை எடுத்துச் சுருட்ட வருகிற பையனை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் வாங்க வேண்டியது 1-0-2 ரோட்டரி சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச், 32 ஆம்பியர், 2 போல். "2 போல்" என்று கேட்டு வாங்குங்கள். ஃபேஸோடு நியூட்ரலும் மாற வேண்டும். ஒரு பக்கம் இ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர். நடுவில் 0 (ஆஃப்) இருப்பதால் இரண்டும் சேர வழியே இல்லை. பாரிமுனை எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும்.

சேஞ்ச்ஓவரின் அவுட்புட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று ஏ.சி.க்கு நேராகப் போகட்டும். மற்றது இன்வெர்ட்டரின் இன்புட்டுக்கு. இன்வெர்ட்டர் அவுட்புட்டில் ஃபிரிட்ஜ், லைட், டிவி மட்டும். ஏ.சி.யை ஏன் இன்வெர்ட்டரில் போடக் கூடாது? 12 வோல்ட் 150 ஏஎச் இரண்டைத் தொடராக இணைத்தால் கணக்குப்படி 3,600 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 1,800. ஆயிரம் வாட் ஏ.சி.க்கு அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இரண்டு பகுதிக்கும் நியூட்ரல் பார் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) தனித்தனியாக இருக்கட்டும், கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஆனால் சின்ன ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்போது ஃபேஸ் பாடியில் பட்டாலும் ஆர்.சி.சி.பி. விழாது. ஜெனரேட்டர் பக்கத்தில், சேஞ்ச்ஓவருக்கு முன்னால், நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கச் சொல்லுங்கள். இ.பி.க்கு மாற்றியதும் அந்த இணைப்பு தானாகவே விலகிவிடும். டி.பி. பெட்டிக்குள் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) இந்த இணைப்பு இருக்கவே கூடாது. பேட்டரியில் ஓடும்போது இதே இணைப்பைத் தானே போடும் ரிலே உண்டா என்று இன்வெர்ட்டர் கடையில் கேளுங்கள். எர்த் ஒயர் சேஸிஸில் போல்ட் போட்டு, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் உட்கார வேண்டும்.

பேட்டரி பக்கம்: 1,600 வாட் லோடில், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, 24 வோல்ட்டில் ஏறக்குறைய 80 ஆம்பியர் ஓடும். 25 ஸ்கொயர் எம்.எம். செம்பு கேபிள் வேண்டும், 35 இன்னும் நல்லது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 125 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ். அந்த இடத்தில் வீட்டு எம்.சி.பி. வைத்திருந்தால் கழற்றச் சொல்லுங்கள். வண்டி குலுங்கும், எல்லா ஒயரும் மல்டி ஸ்ட்ராண்டாக, கிரிம்ப் செய்த லக்கோடு (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றைப் பார்த்தாலும் திருப்பிச் செய்யச் சொல்லுங்கள்.

இ.பி. எடுக்க பஸ் பாடியில் நீல நிற 3 பின் இண்டஸ்ட்ரியல் இன்லெட், 16 ஆம்பியர். இருபுறமும் பிளக் வைத்த ஒயர் வேண்டவே வேண்டாம். 4 ஸ்கொயர் 3 கோர் ஃப்ளெக்சிபிள் கேபிள் 25 மீட்டர் போதும், ஏ.சி. போடும்போது டிரம்மில் சுற்றியபடி விடாதீர்கள், சுருளுக்குள் சூடேறி உருகும். 6 ஆம்பியர் பாயின்ட் மட்டுமே கிடைத்தால் அன்றைக்கு ஏ.சி. ஜெனரேட்டரில்தான். ஜெனரேட்டரில் ஓடும்போது இன்வெர்ட்டர் "டக் டக்" என்று பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் மாறிக்கொண்டிருந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம், யு.பி.எஸ். மோடிலிருந்து வைடு மோடுக்கு (வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை அதிகம் பொறுக்கும் மோடு) மாற்றிப் பாருங்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாய் ஜன்னலுக்கு அடியில் வரக் கூடாது, உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வேண்டும்.

பணம் தரும் நாளில் இதைச் செய்யுங்கள். இ.பி. கேபிளைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டி, இன்லெட் பின்களில் டெஸ்ட் லாம்ப் வைத்தால் எரியக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எர்த் பின்னுக்கும் பஸ் பாடிக்கும் மல்டிமீட்டர் வைத்தால் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் எர்த்தே இல்லாவிட்டாலும் விழும். அதை மட்டும் அழுத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் என்றால் விலை குறைப்பதாகச் சொல்கிறார்கள். (அதே வாசகர்)

பதில்: பில்லும், கையால் வரைந்ததானாலும் ஒயரிங் படமும் வாங்குங்கள். தொழிலுக்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்றால் மட்டும் விலக்கு உண்டு. உங்களுடையது அப்படியானால் அதைப் புகாரிலேயே எழுதுங்கள். புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பில் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.