வலை வைக்காமல் குடலிறக்கத்தைச் சரி செய்ய முடியாதா?

கேள்வி: திருச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். வயது 46. வலது தொடை இடுக்கில் வீக்கம்; படுத்தால் உள்ளே போய்விடுகிறது. ஹெர்னியா (குடலிறக்கம்), வலை வைத்துத் தைக்கவேண்டும் என்கிறார் டாக்டர். என் மச்சானுக்கு வலை வைத்து ஒரு வருடமாகியும் வலி போகவில்லை. வலை இல்லாமல் செய்யக் கூடாதா?
– வாசகர், திருச்சி

பதில்: செய்யலாம். ஆனால் உங்கள் வயதுக்கும் தொழிலுக்கும் வலை வைப்பதையே நான் சொல்வேன்.

வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் விட்டு, அதன் வழியே குடல் வெளியே தள்ளுவதுதான் குடலிறக்கம். கிழிந்த வேட்டியின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்தால், குனியும்போது அதே இடம் மறுபடி விடும். ஒட்டுப் போட்டுத் தைத்தால் இழுவிசை இருக்காது. வலைதான் அந்த ஒட்டு. 1980களில் அமெரிக்க மருத்துவர் லிக்டென்ஸ்டைன் பரப்பிய முறை இதுதான். வீக்கம் திரும்ப வரும் வாய்ப்பு இதில் குறைவு. 2018இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய 46 பேருக்கு வலை வைத்தால் அவர்களில் ஒருவருக்கு வீக்கம் திரும்ப வராமல் தடுக்கலாம் என்று தெரிந்தது. கேட்க இது சின்ன லாபம்தான். ஆனால் மறுபடி வந்தால், தழும்பேறிய இடத்தைத் திரும்பத் திறக்கவேண்டும். அந்த வேலை எனக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.

மச்சானின் வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் ஏதோ ஒரு வலி நீடிக்கிறது. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வலிப்பது அதைவிட மிகச் சிலருக்கே. ஆனால் வலை வைக்காதவர்களுக்கும் இது வருகிறது. நாங்கள் திறக்கும் அந்தச் சின்ன இடத்தில் மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. தையலில் ஒன்று சிக்கினாலும் தழும்பு அழுத்தினாலும் வலிக்கும். மச்சானை அப்படியே விடாதீர்கள், ஆபரேஷன் செய்தவரிடம் திரும்ப அழைத்துப் போங்கள். ஊசி, மாத்திரை என்று வழி இருக்கிறது.

‘பிளாஸ்டிக் உடம்புக்குள்ளா?’ என்று பலரும் பயப்படுகிறார்கள். வலை பாலிப்ரோப்பிலீன். வலையில்லாமல் தைக்கும்போது நாங்கள் எடுக்கும் நூலும் பெரும்பாலும் அதே பாலிப்ரோப்பிலீன்தான்.

வலையே வேண்டாம் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், ஷோல்டைஸ் முறையைக் கேளுங்கள். கனடாவின் டொரன்டோ பகுதியில் 1945 முதல் அதற்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குகிறது. திசுக்களை அடுக்கடுக்காகத் தைப்பார்கள். வலையில்லா முறைகளில் அதுவே சிறந்தது. ஆனால் கைப்பழக்கம் வேண்டும். எப்போதாவது ஒன்று செய்பவரிடம் அதைக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் டாக்டரிடம், ‘நீங்கள் வாராவாரம் செய்வது எந்த முறை?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், பீடி, சிகரெட் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள். நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இருந்தால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். தேதி வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியோடு வாந்தியும் வந்தால், கையால் அழுத்திப் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.