பணம் தராத அப்பாவிடம் பிள்ளையை அனுப்பாமல் இருக்கலாமா?

கேள்வி: 2022இல் மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் நானும் கணவரும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து பெற்றோம். ஒன்பது வயது மகன் என்னிடம் இருக்கிறான். அவன் செலவுக்கு அவர் மாதம் 12,000 ரூபாய் தர வேண்டும், நான் மாதம் இரண்டு ஞாயிறு அவனை அவரிடம் அனுப்ப வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. அதனால் நான்கு மாதமாக நான் மகனை அனுப்பவில்லை. இப்போது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவர் என்மீது அவமதிப்பு வழக்குப் போட்டிருக்கிறார். பணம் தராதவர் அவர், எனக்கா சிறை?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, சகோதரி. ஆனால் கோபத்தில் செய்த காரியத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை. பணமும் பிள்ளையைப் பார்ப்பதும் ஒரே தீர்ப்பில் இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று பிணை அல்ல. அவர் பணத்தை நிறுத்தினால் வசூலிக்க வழி இருக்கிறது. நீங்கள் மகனை நிறுத்தினால் அது நீதிமன்ற உத்தரவை மீறுவதுதான். நாளைக்கு அவரே “மகனைக் காட்டவில்லை, அதனால் பணம் தரவில்லை” என்று சொன்னாலும் இதே பதில்தான்.

1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, உத்தரவையோ நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியையோ ‘வேண்டுமென்றே’ மீறினால்தான் அவமதிப்பு. பையனுக்குக் காய்ச்சல், பரீட்சை என்று ஒரு ஞாயிறு தவறினால் அது வேறு. “பணம் போட்டால்தான் அனுப்புவேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், வேண்டுமென்றே செய்ததற்கு அதுவே சாட்சி ஆகிவிடும். அப்படி ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள், உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அதிகபட்ச தண்டனை ஆறு மாத வெறுங்காவல், 2,000 ரூபாய் அபராதம். மனப்பூர்வமான மன்னிப்பை நீதிமன்றம் ஏற்றால் தண்டனை இல்லாமலே விட்டுவிடச் சட்டத்தில் இடம் உண்டு.

அதனால் வாய்தாவைத் தவறவிடாதீர்கள், நேரில் வரச் சொல்லியிருந்தால் நேரில் போங்கள். வாய்தாவுக்கு முன்பே, வருகிற ஞாயிறே மகனை அனுப்பத் தொடங்குங்கள். அனுப்பிய தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். பதில் பிரமாணப் பத்திரத்தில் எட்டு மாத பாக்கியை வங்கிக் கணக்கு விவரத்தோடு சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை மீறலுக்கு நியாயமாக வைக்காதீர்கள்.

“நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பில் சொன்னதைச் செய்ய வைக்கக் கேட்கும் மனு, மூலம் தீர்ப்பை அமல்படுத்தலாமே, அவமதிப்பு எதற்கு?” என்று வாதாடலாம் எனச் சிலர் சொல்வார்கள். வாதம் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சம்மதத் தீர்ப்பு என்பதாலோ நிறைவேற்றக்கூடியது என்பதாலோ மட்டும் அவமதிப்பு நடவடிக்கை தடைபடாது என்று ராம நாரங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி பணம். 96,000 ரூபாய் பாக்கிக்கு குடும்ப நல நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனு போடுங்கள். அவர் சம்பளக்காரர் என்றால் இது மிகவும் வலுவான வழி. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் சிறு பகுதியைத்தான் பிடிக்க முடியும். ஜீவனாம்சத் தீர்ப்புக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு மூன்றில் ஒரு பங்கை மட்டுமே பாதுகாக்கிறது, மீதியைப் பிடிக்கலாம். கம்பெனிக்கே உத்தரவு போகும். வசதி இருந்தும் கட்டவில்லை என்று நிரூபித்தால் அவரைச் சிவில் சிறையில் வைக்கவும் கேட்கலாம். தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு கால அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் காத்திருக்காது. அவர்மீது நீங்களும் அவமதிப்பு மனு போட நினைத்தால் ஓராண்டுக் கெடு உண்டு. ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது பணம், அதை வாங்கித் தருவது நிறைவேற்று மனு.

மகனே அப்பாவிடம் போகத் தயங்குகிறான், அங்கே ஏதோ சரியில்லை என்றால், நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ் சந்திப்பு நாளையோ இடத்தையோ மாற்றக் கேட்டு குடும்ப நல நீதிமன்றத்திலேயே மனு போடலாம். தேவைப்பட்டால் நீதிபதி குழந்தையிடம் தனியாகப் பேசுவார். நிறைவேற்று மனுவோடு இதையும் அதே வாரம் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.