காசு நடுவுல யார் கையில நிக்குது? கேள்விகளும் என் பதில்களும்

பெங்களூர்ல ஒரு பேமென்ட் கம்பெனில எட்டு வருஷம் காம்ப்ளையன்ஸ் (கம்பெனி சட்டப்படி நடக்குதான்னு பாக்குற) வேலை பாத்துட்டு இப்ப கோத்தகிரில அம்மா வீட்டோட இருக்கேன். சீசன் முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட டைம் கிடைச்சுது, வாலட், க்யூஆர், லைசன்ஸ் சம்பந்தமா என்ன வேணா கேளுங்கன்னு நம்ம மலைக்காரங்ககிட்ட சொல்லியிருந்தேன். வந்ததுல ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன்.

கோத்தகிரி, ஹோம்ஸ்டே நடத்துறவர்: அக்கா, கோயம்புத்தூர் தம்பி ஒருத்தர் பத்து ஹோம்ஸ்டேக்கு சேத்து வெப்சைட் போட்டு தர்றேன்றார். கெஸ்ட் கட்டுற காசு எல்லாம் அவர் அக்கவுண்டுக்கு வரும், வாரம் ஒருக்கா கமிஷன் புடிச்சுட்டு எங்களுக்கு பிரிச்சு அனுப்புவாராம். லைசன்ஸ் எதுவும் வேணாம்னு சொல்றார். சரியா?

தம்பி நல்லவராவே இருக்கட்டும், ஆனா அவர் சொல்ற வேலைக்கு பேரு பேமென்ட் அக்ரிகேட்டர். கஸ்டமர் காசை பல கடைக்காரங்களுக்காக வாங்கி, ஒண்ணா சேத்து வெச்சு, அப்புறம் பிரிச்சு குடுக்குறது. 2007ல வந்த பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் ஆர்பிஐ (ரிசர்வ் பேங்க்) அனுமதி இல்லாம யாரும் பேமென்ட் சிஸ்டம் நடத்தக்கூடாதுன்னு சொல்லுது, மீறினா ஜெயில் வரைக்கும் போகும். அக்ரிகேட்டருக்குன்னு தனியா விதி வந்தது 2020 மார்ச்ல. பேங்கா இல்லாத கம்பெனி அப்ளை பண்ணும்போதே 15 கோடி நெட்வொர்த் (கடன் போக கம்பெனியோட சொந்த மதிப்பு) காட்டணும், மூணாவது நிதியாண்டு முடியுறதுக்குள்ள 25 கோடி ஆக்கணும். தம்பிகிட்ட 25 கோடி இருந்தா அவர் ஏங்க நம்ம ஹோம்ஸ்டேக்கு வெப்சைட் போடப் போறார்.

இதுல என் கண்ணுக்கு பெருசா தெரியறது நெட்வொர்த் இல்ல, எஸ்க்ரோதான். லைசன்ஸ் வாங்குன கம்பெனி உங்க காசை அதோட சொந்த கணக்குல போட்டுக்க முடியாது. பேங்க்ல தனியா ஒரு எஸ்க்ரோ கணக்கு, அதுல இருந்து எதுக்கு காசு வெளிய போகலாம்னு விதியே இருக்கு, ஆபீஸ் வாடகைக்கும் சம்பளத்துக்கும் அதை தொட முடியாது. தம்பியோட சேவிங்ஸ் அக்கவுண்ட்ல அந்த சுவர் இல்ல. மே மாசம் பத்து வீட்டு காசும் அவர்கிட்ட கிடக்கும்போது அவர் அக்கவுண்ட் ஏதோ ஒரு போலீஸ் கேஸ்ல ஃப்ரீஸ் ஆச்சுன்னா, அவர் ஒத்த ரூபா திருடலைன்னாலும் உங்க காசும் சேந்து மாட்டிக்கும்.

என்ன பண்ணலாம்னா, வெப்சைட் அவரே போடட்டும், அதுக்கு லைசன்ஸ் தேவையில்ல. ஆனா லைசன்ஸ் இருக்குற ஒரு அக்ரிகேட்டர்கிட்ட உங்க பேர்ல, உங்க பான் கார்டு, உங்க பேங்க் கணக்கு குடுத்து நீங்களே மெர்ச்சண்ட்டா சேருங்க, காசு நேரா உங்களுக்கு வரும், தம்பிக்கு கமிஷனை மாசக் கடைசியில நீங்க அனுப்புங்க. ரூமை அவரே மொத்த வாடகைக்கு எடுத்து அவர் பேர்ல விக்கிறார்னா அது வேற கணக்கு, அது வெறும் வியாபாரம்.

குன்னூர், டீக்கடை: கூகுள் பேக்கு ஆர்பிஐ லைசன்ஸே இல்லன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துதுங்க, ஸ்டிக்கரை கிழிச்சிரவா?

கிழிக்காதீங்க. அந்த ஃபார்வர்டு பாதி உண்மை, அதான் ஆபத்தே. 2020ல டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் நடந்தப்போ ஆர்பிஐயே சொன்னது, கூகுள் பே பேமென்ட் சிஸ்டம் நடத்துறது இல்ல, அது ஒரு மூணாவது ஆள் ஆப் மட்டும்தான்னு. யுபிஐய நடத்துறது என்பிசிஐ, அதாவது தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன், அவங்களுக்கு அனுமதி இருக்கு. கஸ்டமர் பேங்க்ல இருந்து உங்க பேங்குக்கு காசு நேரா போகுது, ஆப் சும்மா சீட்டு கொண்டு போற ஆள். எனக்கு இந்த லைசன்ஸ் விவகாரம் முழுசும் புரிஞ்சது இந்த ஒரு கேள்வியாலதான்: காசு நடுவுல யார் கையிலயாவது நிக்குதா? ஒரு ராத்திரி நின்னாலும் அனுமதி கேட்பாங்க. நிக்கலைன்னா பேங்கும் என்பிசிஐயும் போட்ட கண்டிஷனுக்குள்ள ஓடலாம்.

அதே டீக்கடை: அப்ப சவுண்டு பாக்ஸுக்கு மாச வாடகை எதுக்குங்க புடிக்கிறாங்க, யுபிஐ ஃப்ரீன்னாங்களே?

2020 ஜனவரில இருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர், அதாவது ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் கடைக்காரர்கிட்ட புடிக்கிற கட்டணம், பூஜ்யம். பொட்டி வாடகை அது இல்ல, கம்பெனி பொட்டிக்கு கேக்குற காசு. வேணாம்னா திருப்பி குடுத்துருங்க, ஸ்டிக்கர் மட்டும் போதும்.

கூடலூர், எஸ்டேட் ஆபீஸ் ஸ்டாஃப்: வாலட்ல 18 ஆயிரம் வெச்சிருக்கேன் மேடம். கம்பெனி மூடிட்டா பேங்க் மாதிரி 5 லட்சம் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. அந்த 5 லட்சம் பேங்க் டெபாசிட்டுக்கு, பேங்கா இல்லாத கம்பெனியோட வாலட்டுக்கு இல்ல. இங்கயும் காப்பாத்துறது எஸ்க்ரோதான், எல்லார் வாலட்லயும் இருக்குற மொத்த தொகைக்கும் ஈடா பேங்க்ல காசு கிடக்கணும். 18 ஆயிரம் இருக்குன்னா நீங்க முழு கேஒய்சி பண்ணியிருக்கீங்க, ஏன்னா சின்ன வாலட்ல 10 ஆயிரத்துக்கு மேல வெக்க முடியாது, முழு கேஒய்சில 2 லட்சம் வரைக்கும். வாலட் காசுக்கு வட்டி குடுக்கவும் கூடாது, யாராச்சும் வாலட்ல போடு வட்டி தர்றேன்னு சொன்னா அது வாலட் இல்ல, வேற ஏதோ. நான் வாலட்ல காய்கறி காசுதான் வெப்பேன்.

ஊட்டி, சாக்லேட் கடை: நாங்க கிஃப்ட் கார்டு அடிக்கலாமா சிஸ்டர்? பக்கத்து வர்க்கி கடையும் எதுத்தாப்ல ஹோட்டலும் சேந்துக்கிறோம்னு சொல்றாங்க.

உங்க கடைக்கு மட்டும் அடிங்க, தாராளமா. உங்க கார்டை வெச்சு உங்க பொருளை மட்டும் வாங்க முடியும், ரொக்கமா திருப்பி எடுக்க முடியாதுன்னா அதுக்கு பேரு க்ளோஸ்டு சிஸ்டம், ஆர்பிஐ அனுமதி தேவையில்ல. வர்க்கி கடைக்காரர் அதே கார்டை வாங்க ஆரம்பிச்ச நிமிஷம் கதை மாறுது. கஸ்டமர் உங்ககிட்ட 1000 போட்டார், 300க்கு வர்க்கி வாங்குனார், இப்ப வர்க்கிக்காரரோட 300 உங்க கையில நிக்குது பாருங்க. மூணு கடைதானே, மூணு பேரும் சொந்தக்காரங்கதானேன்னு நினைப்பீங்க, சட்டத்துல சொந்தம் பந்தம் எல்லாம் எழுதல. மூணு பேரும் தனித்தனியா கூப்பன் அடிச்சு ஒரே கவர்ல போட்டு வித்துருங்க, எனக்கு தெரிஞ்சு சுலபமான வழி அதுதான்.

பிக்கட்டி பக்கம், இலை பறிக்கிறவங்க (பேத்தி கேட்டு எழுதுனது): பாட்டி கைரேகை வெச்சு காசு எடுக்கிற கடையில ரெண்டு தடவை ரேகை வாங்குனாங்க, ஒரு தடவைதான் காசு வந்துச்சு. அந்த கடைக்காரர் லைசன்ஸ் வெச்சிருக்காரா?

அவருக்குன்னு தனி லைசன்ஸ் கிடையாது கண்ணு, அவர் ஏதோ ஒரு பேங்கோட ஏஜெண்ட், அதனால அவர் பண்ற தப்புக்கு அந்த பேங்க்தான் பதில் சொல்லணும். முதல் ரேகை சில சமயம் ரீட் ஆகாது, பாட்டிங்க கை இலை பறிச்சு பறிச்சு தேஞ்சு போயிருக்கும்ல, அதனால ரெண்டாவது தடவை கேக்கறது எப்பவும் திருட்டுன்னு சொல்ல முடியாது. ஆனா தோத்துப்போன தடவைக்கும் ரசீது கேளுங்க, பாஸ்புக்க பேங்க்ல என்ட்ரி போட்டு பாருங்க. ரெண்டு டெபிட் இருந்தா பாட்டியோட பேங்க்லயே எழுதி குடுங்க, கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போய் பிரயோஜனம் இல்ல. இந்த ஏஜெண்டுங்களை எப்படி சோதிச்சு சேக்கணும், எப்படி கண்காணிக்கணும்னு 2025 ஜூன்ல ஆர்பிஐ உத்தரவு போட்டுச்சு, 2026 ஜனவரி 1ல இருந்து அமல். இன்னொண்ணு, ஆதார் ஆப்ல கைரேகைய லாக் பண்ணி வெக்கலாம், காசு எடுக்குற அன்னிக்கு மட்டும் திறந்துக்கலாம். இத பாட்டிக்கு நீயே பண்ணிக்குடு.

கட்டபெட்டு, டெம்போ ஓட்டுறவர்: சிக்னல் போயி போயி வருது. டீசல் அடிச்சு பணம் கட் ஆச்சு, பங்க்ல வரலைன்னாங்க, திரும்ப ரொக்கம் குடுத்தேன். போன காசு?

எனக்கும் இதே, மார்க்கெட்ல 640 ரூபா, மூணாம் நாள் வந்துச்சு. ஆர்பிஐ 2019 செப்டம்பர்ல கெடு போட்டிருக்கு. ஆளுக்கு ஆள் யுபிஐ அனுப்பி சேரலைன்னா அடுத்த நாளுக்குள்ள திரும்பணும், கடைக்கு கட்டுனது சேரலைன்னா அஞ்சு நாள். அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா அவங்க உங்களுக்கு தரணும், நீங்க கேக்காமலே தரணும்னு எழுதியிருக்கு, கேக்காம குடுத்த ஆள நான் பாத்ததில்லைங்கறது வேற விஷயம். முதல்ல ஆப்லயே புகார் போட்டு நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க, அப்புறம் உங்க பேங்க்ல. 30 நாள்ல பதில் இல்லன்னா ஆர்பிஐ ஒம்புட்ஸ்மேன் (புகார் விசாரிக்கிற அதிகாரி), ஃபீஸ் கிடையாது, 14448க்கு அடிச்சா வழி சொல்லுவாங்க. வாலட் கம்பெனி மேலயும் அங்க புகார் குடுக்கலாம்.

குன்னூர், மருந்து கடை: ஒரு புது கம்பெனி க்யூஆர் மெஷின் வெக்க வந்தாங்க, ஜிஎஸ்டி சர்டிஃபிகேட்டும் ஸ்டார்ட்அப் சர்டிஃபிகேட்டும் காட்டுனாங்க. போதுமா?

ரெண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆர்பிஐ வெப்சைட்ல அனுமதி வாங்குன கம்பெனிங்க லிஸ்ட் இருக்கு, ஆனா அதுல ஆப் பேரு இருக்காது, பதிவான கம்பெனி பேரு இருக்கும், அதனால அக்ரிமென்ட்ல கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல இருக்குற பேரை பாத்து தேடுங்க. "இன்-பிரின்சிபிள் அப்ரூவல் வந்துருச்சு"ன்னு சொல்லுவாங்க, அது நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி இன்னும் ஏறல. முன்னாடி அக்ரிகேட்டர் விதி ஆன்லைன் வியாபாரத்துக்குத்தான், 2025 செப்டம்பர் 15 உத்தரவுல கவுண்டர்ல வெக்கிற மெஷின் கம்பெனியும் உள்ள வந்தாச்சு, டிசம்பர் 31க்குள்ள அப்ளை பண்ணியிருக்கணும். அந்த தேதிய சொல்லி கேட்டு பாருங்க, முழிக்கிறாரா இல்லையான்னு தெரிஞ்சிரும்.

கோத்தகிரி, காலேஜ் பையன்: அக்கா நான் நீலகிரிக்குன்னே ஒரு வாலட் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், டூரிஸ்ட் எல்லாருக்கும்.

5 கோடி நெட்வொர்த்தோட ஆரம்பிச்சு மூணு வருஷத்துல 15 கோடி காட்டணும்டா தம்பி, அதுக்கு மேல சிஸ்டம் ஆடிட் இருக்கு. ஆசை இருந்தா கோ-பிராண்டிங்னு ஒரு வழி இருக்கு: நீ ஒரு கம்பெனி பதிவு பண்ணு, ஏற்கனவே அனுமதி வாங்குன வாலட் கம்பெனியோட ஒப்பந்தம் போடு, கார்டுல உன் பேரும் இருக்கும், விக்கிறதும் விளம்பரமும் உன் வேலை, காசு அவங்க எஸ்க்ரோல. ஆனா உன் வாலட் ஓட கொடநாடு ரோட்லயும் சிக்னல் வேணும், அதுக்கு என்ன பண்ணப் போறேன்னு யோசிச்சு வை, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பேசலாம்.